விதிக்குப் பொருள் உண்டா? ஃப்ரிட்ஸ் ஸ்டால் அவர்களின் நூலும் நம் பாஷ்ய மரபும்

வேதத்தின் கர்மவிதிகளுக்குப் பொருள் என்று ஒன்றும் இல்லை; விதிகளாக இருப்பதும் பிழையின்றி நடத்தப்படுவதுமே அவற்றின் இயல்பு. இக்கொள்கையை நம் காலத்தில் மிக்க வலிமையுடன் எடுத்துரைத்தவர் பேராசிரியர் ஃப்ரிட்ஸ் ஸ்டால். 1930-ல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்தவர்; சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்தவர்; பின்னர் அமெரிக்காவில் பெர்க்லியில் நெடுங்காலம் கற்பித்தவர். 1979-ல் ‘சடங்கின் பொருளின்மை’ என்ற கட்டுரையில் சுருங்கச் சொன்னதை, 1989-ல் ‘பொருளற்ற விதிகள்’ என்ற பெருநூலாக விரித்தார். விதி என்பதைப் பற்றி எத்துறையினர் பேசினாலும், அவர்களுள் ஒருவராவது இன்றளவும் எடுத்துக்காட்டும் நூல் அது.

அயலார் நூல் என்று இதனை ஒதுக்கிவிடுவது எளிது, ஆயினும் ஒதுக்கலாகாது. மந்த்ரங்களுக்குப் பொருள் இல்லை என்பது அவர் கொள்கையின் ஒரு கூறு. அது மெய்யானால் திருவஷ்டாக்ஷரம் எட்டு ஒலிகளாக மட்டுமே நிற்கும். முமுக்ஷுப்படியும், ரஹஸ்யத்ரயஸாரமும், அவற்றின் மேல் எழுந்த வ்யாக்யானங்களும், ஒலியின் மேல் பிற்காலத்தார் தொங்கவிட்ட அணிகலன்களாகிவிடும். எம்பெருமானார் பெரிய நம்பிகளிடத்தில் முன்னமே திருமந்த்ரத்தைப் பெற்றிருந்தும், திருக்கோட்டியூருக்குப் பதினெட்டு முறை நடந்தார் என்று குருபரம்பரை கூறுகிறது. ஒலி கையில் இருக்க, அவர் நடந்தது அர்த்தத்துக்காக. ஸ்டால் சொல்வது சரியாயின் அந்த நடை வீண் நடை.

முதலில் அவருக்கு உரிய பெருமையைக் கொடுத்துவிட வேண்டும். 1975 ஏப்ரல் மாதத்தில் கேரளத்துப் பாஞ்ஞாள் என்னும் ஊரில் நம்பூதிரி அந்தணர்கள் அதிராத்ர அக்னிசயனத்தைப் பன்னிரண்டு நாட்கள் நடத்தினார்கள். பறவை வடிவில் ஐந்து அடுக்குகளாக, ஆயிரத்துக்கு மேற்பட்ட செங்கற்களால் வேதி கட்டப்பட்டது. ஸ்டால் உடனிருந்து, ஒவ்வொரு செயலையும் ஒவ்வொரு ஓதலையும் பதிவு செய்து, 1983-ல் ‘அக்னி’ என்ற இரு பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். ஒரு ச்ரௌத யாகம் இத்தனை முழுமையாக ஏட்டில் ஏறியதற்கு வேறு எடுத்துக்காட்டு காண்பது அரிது. வேதாத்யயனத்தில் அவர் கொண்டிருந்த மதிப்பும் போலியன்று. நம்மில் எத்தனை பேர் ஒரு ஸோமயாகத்தை முதல் நாள் தொடங்கி இறுதிநாள் வரை உடனிருந்து கண்டிருக்கிறோம் என்று கேட்டால் தலை குனியவே நேரும்.

கண்டவர் என்ன முடிவுக்கு வந்தார் என்பதே வழக்கு. யாகம் செய்பவர்களிடம் ‘ஏன் செய்கிறீர்கள்?’ என்று கேட்டால், முன்னோர் செய்தார்கள், எங்களுக்கு அதற்குத் தகுதி உண்டு, இது எங்கள் கடமை என்பன போன்ற மறுமொழிகளே வருகின்றன. இன்ன செயல் இன்னதைக் குறிக்கிறது என்று ஒருவரும் சொல்வதில்லை. அவர்களுடைய கவனம் முழுவதும் முறை தவறாமையிலேயே இருக்கிறது. ஆகவே யாகம் என்பது விதிகளால் ஆன ஓர் அமைப்பு; அதற்குத் தொடரிலக்கணம் உண்டு, சொற்பொருள் கிடையாது. இவ்வாறு முடிவு செய்த அவர், ஓர் இஷ்டியின் நடுவே வேறோர் இஷ்டி பொதிந்து வருவதை, ஒரு வாக்கியத்தின் நடுவே வேறொரு வாக்கியம் பொதிந்து வருவதோடு ஒப்பிட்டார்.

இவ்வொப்புமை எங்கிருந்து வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். ஸ்டால் பாணினியில் ஆழங்கால் பட்டவர். 1965-ல் எழுதிய ஒரு கட்டுரையில் பாணினியை யூக்ளிடோடு நிறுத்தி, மேனாட்டு அறிவுலகுக்கு யூக்ளிட் எவ்வாறோ பாரதத்துக்குப் பாணினி அவ்வாறு என்றார். அதே ஆண்டில் வெளிவந்த தம் நூலின் முன்னுரையில் சாம்ஸ்கியும் பாணினியை நினைவுகூர்ந்தார். நாலாயிரத்துக்குச் சற்றுக் குறைந்த ஸூத்ரங்களில் ஒரு மொழி முழுவதையும் அடக்கிய நூலைக் கண்டு மொழியியலார் வியந்தது இயல்பே. அவர்கள் வியந்தது விதிகளின் வடிவத்தை: பொதுவிதியைச் சிறப்புவிதி தடுப்பது, இரண்டு விதிகள் மோதினால் எது வெல்லும் என்று சொல்லும் விதி, ஒரு ஸூத்ரத்தின் சொல் அடுத்த ஸூத்ரங்களுக்கு இறங்கி வருவது. 2022-ல் கேம்பிரிட்ஜில் ரிஷி ராஜ்போபட் என்பவர், மோதலைப் பற்றிய அந்த ஒரே ஸூத்ரத்துக்கு (1.4.2) காத்யாயனர் முதலானோர் கொண்ட பொருளை மறுத்து எழுதிய ஆய்வேடு உலகச் செய்தியாயிற்று. அவருடைய முடிவை வையாகரணர்கள் ஒப்புவரா என்பது வேறு விசாரம். ஒரு விதி மற்றொரு விதியை எப்படி ஆள்கிறது என்ற கேள்வி இன்னும் உயிரோடிருக்கிறது என்பதற்காகவே சொன்னேன்.

சட்டத்துறையார் விதியை வேறு வகையில் பார்க்கின்றனர். ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த எச். எல். ஏ. ஹார்ட், 1961-ல் வெளியிட்ட ‘சட்டம் என்னும் கருத்து’ என்ற நூலில், விதி வெறும் பழக்கமன்று என்று காட்டினார். பலரும் ஒன்றைச் செய்வது பழக்கம்; அதனைச் செய்யாதவனைக் குறை கூற அதுவே காரணமாகும்போது அது விதி. விதியை உள்ளிருந்து ஏற்பவனின் பார்வையும், வெளியே நின்று கணக்கெடுப்பவனின் பார்வையும் வேறு என்றார் அவர். மெய்யியலில் விட்கென்ஸ்டைன் எழுப்பிய கேள்வி இன்னும் கூரியது. இரண்டிரண்டாகக் கூட்டிக்கொண்டு போ என்று ஒரு மாணவனுக்குச் சொல்கிறோம். ஆயிரம் வரை சரியாக எழுதியவன், அதன் பின் 1004, 1008 என்று எழுதிவிட்டு, நீங்கள் சொன்னபடியே செய்கிறேன் என்கிறான். விதி வாக்கியம் மட்டும் அவனைத் திருத்தாது. தன்னை எவ்வாறு கைக்கொள்வது என்பதை எந்த விதியும் தானே சொல்லி முடிப்பதில்லை. நம்மவர் இதனை சிஷ்டாசாரம் என்றும், பெரியோர் வழக்கால் வரும் வ்யுத்பத்தி என்றும் வேறு இடத்தில் பேசியிருக்கிறார்கள்.

ஆக, வடிவத்தை ஒரு துறை எடுத்துக்கொண்டது. கட்டுப்படுத்தும் ஆற்றலை ஒரு துறை. பின்பற்றும் வழக்கத்தை ஒரு துறை. ஸ்டால் முதல் துறையின் கண்ணாடியை அணிந்து யாகசாலைக்குள் சென்றார். அக்கண்ணாடியில் வடிவம் மட்டுமே தெரியும். பொருள் தெரியவில்லை என்று அவர் சொன்னது உண்மை. பொருள் இல்லை என்று சொன்னதுதான் குற்றம்.

இக்கொள்கை புதியதும் அன்று. மந்த்ரங்கள் பொருளற்றவை என்று கௌத்ஸர் சொன்னதாக யாஸ்கர் நிருக்தத்தின் முதல் அத்யாயத்திலேயே எடுத்து மறுக்கிறார். ஜைமினியும் முதல் அத்யாயத்தின் இரண்டாம் பாதத்தில் இதனைப் பூர்வபக்ஷமாக வைத்தே ஸித்தாந்தம் செய்கிறார். ஸ்டாலும் கௌத்ஸரைத் தமக்கு முன்னோடியாகக் கொள்ளத் தயங்கவில்லை. மறுக்கப்பட்ட பக்ஷத்தை எடுத்து நிறுத்துவதில் தவறில்லை. மறுத்தவர்கள் சொன்ன காரணங்களுக்கு விடை கூற வேண்டும் என்பதே நாம் கேட்பது.

அக்காரணங்கள் யாகத்தின் உள்ளேயே இருக்கின்றன. மீமாம்ஸையின் ஒன்பதாம் அத்யாயம் ஊஹத்தைப் பற்றியது. அக்னியைக் குறித்த இஷ்டியின் மந்த்ரத்தை, அதன் விக்ருதியாக ஸூர்யனைக் குறித்துச் செய்யும் இடத்தில் அப்படியே சொல்வதில்லை. அக்னியின் பெயர் இருந்த இடத்தில் ஸூர்யனின் பெயரை இட்டு வழங்குகிறோம். மந்த்ரம் வெறும் ஒலியாக இருந்தால் எந்தச் சொல்லை மாற்றுவது, எதனை மாற்றாமல் விடுவது என்று எப்படித் தீர்மானிப்பது? மந்த்ரம் தேவதையைச் சொல்கிறது என்று கொண்டாலன்றி ஊஹம் என்ற ஓர் அத்யாயத்துக்கே இடமில்லை. ஒலியில் மாற்றம் கூடாது என்ற பிடிவாதமும், பொருளுக்காக ஒலியை மாற்றுவதும் ஒரே சாஸ்த்ரத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. முன்னதை மட்டும் கண்டு பின்னதை விட்டால் பாதி யாகத்தைத்தான் கண்டோம்.

இதற்குப் பாஞ்ஞாளிலேயே ஒரு சான்று கிடைக்கிறது. அங்கே பசுபலிக்குப் பொதுமக்களிடையே எதிர்ப்பு எழவே, ஆடுகளுக்குப் பதிலாக இலையில் பொதிந்த அரிசிமாவைக் கொண்டு கர்மத்தை நடத்தினார்கள். விதி பொருளற்றதாயின் எதற்கு எது ஈடு என்ற கேள்வியே எழாது. கல்லும் ஒன்று, மாவும் ஒன்று. ஆறாம் அத்யாயத்தின் மூன்றாம் பாதம் இதனையே விசாரிக்கிறது. நெல் கிடைக்காதபோது அதனை ஒத்த நீவாரத்தைக் கொள்ளலாம். ஏனெனில் நெல் எதற்காக வந்ததோ அதனை அதுவும் நிறைவேற்றும். இவ்வாறு த்ரவ்யத்துக்குப் பிரதிநிதியை இசைந்த ஜைமினி, அங்கேயே தேவதைக்குப் பிரதிநிதி இல்லை என்று விலக்குகிறார். யஜமானனுக்கும் பொதுவாக இல்லை என்கிறார். எவரைக் குறித்து, எவர் செய்கிறார் என்ற இரண்டும் மாற்ற முடியாதவை. இடைப்பட்ட பொருள்கள் மாற்றத்தக்கவை. ஒரு பக்கம் முழுவதும் பொருளற்ற வடிவமாக இருக்கும் ஓர் அமைப்பில் இந்த வேறுபாடு எப்படி வரும்?

‘எங்களுக்குத் தகுதி உண்டு’ என்று நம்பூதிரிகள் சொன்ன மறுமொழியும் இங்கே நினைக்கத்தக்கது. ஸ்டால் அதனைப் பொருள் கூறாத மறுமொழிகளுள் ஒன்றாக எண்ணி நகர்ந்தார். மீமாம்ஸையைக் கற்றவன் செவியில் அது அதிகாரம் என்னும் சொல்லாகவே விழும்; ஆறாம் அத்யாயம் முழுவதும் அதற்கென்றே அமைந்தது. கேட்டவருக்குச் சரியான விடை கிடைத்திருக்கிறது. அவர் குறியீட்டைத் தேடினார். அவர்கள் உறவைச் சொன்னார்கள்.

இங்கே நம் பக்கத்தில் ஒரு தடை எழும். அதனை மறைத்துவிட்டு மேலே செல்வது நேர்மையன்று. வேதம் அபௌருஷேயம் என்று நாமும் கொள்கிறோம். இயற்றியவர் இல்லாத வாக்கியத்தில் ‘யாருடைய விதி?’ என்று கேட்பது பொருந்துமா? மேலும், பூர்வமீமாம்ஸகர்களே ஒன்பதாம் அத்யாயத்தில் தேவதைக்குத் திருமேனி இல்லை, மகிழ்ந்து பலன் அளிப்பதும் இல்லை, கர்மத்தால் பிறக்கும் அபூர்வமே பலனைத் தரும் என்று கூறவில்லையா? ப்ராபாகரர் இன்னும் ஒருபடி சென்றனர். லிங் முதலான விகுதிகளுக்குப் பொருள் ‘கார்யம்’ எனப்படும் நியோகமே. அது வேறொன்றுக்காகவன்றித் தனக்காகவே செய்யப்படுவது என்றனர். விதியை விதிக்காகவே செய்வது என்ற இக்கருத்துக்கும் ஸ்டால் அவர்களின் கருத்துக்கும் இடையே அதிக தூரம் இல்லை. ஸ்டால் வேதமார்க்கத்துக்கு முற்றிலும் புறம்பானதைச் சொன்னார் என்று எழுதுவோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். அவர் சொன்னது உள்ளேயே ஒரு மூலையில் இருந்தது. அதனை எதிர்கொண்டவர் நம் பாஷ்யகாரர்.

எம்பெருமானார் வேதார்த்தஸங்க்ரஹத்தில் இந்த நியோகவாதத்தை எடுத்து நீண்ட விசாரம் செய்கிறார். ஸ்ரீபாஷ்யத்தின் முதல் அதிகரணத்திலும் இதன் ஒரு பகுதி வருகிறது. ப்ராபாகரர் தம் கொள்கைக்குக் கூறும் அடிப்படை, குழந்தை மொழியைக் கற்கும் வகை. பெரியவர் ஒருவர் ‘பசுவைக் கொண்டு வா’ என்கிறார். மற்றவர் கொண்டு வருகிறார். பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தை பொருளை அறிகிறது. ஆகவே சொற்கள் எல்லாம் ஏவலிலேயே பொருள் பெறுகின்றன. உள்ள பொருளை உள்ளபடி சொல்லும் வாக்கியம் தனித்துப் பிரமாணமாகாது. உபநிஷத்தும் ஏதேனும் ஒரு விதிக்கு அங்கமாகவே நிற்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். இதற்கு பாஷ்யகாரர் காட்டும் மறுப்பு மிக எளியது. குழந்தை முதலில் ஏவலைக் கேட்டுக் கற்பதில்லை. தாயும் தந்தையும் விரலால் சுட்டி, இவள் அம்மா, இவர் அப்பா, இவர் மாமா, அது சந்திரன் என்று பலமுறை காட்டுகிறார்கள். அச்சொற்களும் அப்பொருள்களும் குழந்தையின் நெஞ்சில் இணைகின்றன. நம் வீடுகளில் இன்றும் இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு நடப்பது இதுதான். உள்ள பொருளை அறிவது முன்னும் ஏவலை அறிவது பின்னும் ஆகக் கூடும் என்று இதனால் நிறுவியபின், உபநிஷத் பரப்ரஹ்மத்தை நேரே சொல்கிறது என்பதற்குத் தடை இல்லை. விட்கென்ஸ்டைன் எழுதிய மாணவனுக்கும் முதலில் ஓர் ஆசிரியர் இருந்தார் என்பதையும், அவனுக்குச் சொற்கள் யாரோ ஒருவர் மடியில் கிடைத்தன என்பதையும் இத்துடன் சேர்த்துப் படிக்கலாம்.

பின்பு பாஷ்யகாரர் வ்யாகரணத்தின் கையைப் பிடிக்கிறார். ‘யஜ்’ என்னும் தாதுவுக்குத் தாதுபாடம் கொடுக்கும் பொருள்களில் தேவபூஜை முதலாவது. ஆகவே யாகம் என்ற சொல்லே ஆராதனத்தைச் சொல்கிறது. அதன் மேல் வந்த லிங் விகுதி, அந்த ஆராதனம் கர்த்தாவின் முயற்சியால் நிறைவேற்றத்தக்கது என்பதை மட்டும் சொல்லி அமைகிறது. தனக்காகத் தானே நிற்கும் நியோகம் என்று இடையில் ஒன்றைக் கற்பிக்க வேண்டுவதில்லை. ஆராதிக்கப்பட்டவன் உகந்து பலனளிக்கிறான், அபூர்வத்துக்கும் வேலையில்லை. அக்னி, ஸூர்யன் முதலான சொற்களும் அவர்களுக்கு அந்தர்யாமியான பரமபுருஷன் அளவும் சென்று நிற்பவை என்பதை நம்மவர்க்கு விரிக்க வேண்டா. இயற்றியவன் இல்லாத வேதம் எவ்வாறு ஒருவனுடைய ஆஜ்ஞையாகும் என்ற தடைக்கும் இங்கே விடை உண்டு. வேதம் அவனால் இயற்றப்பட்டதன்று. கல்பந்தோறும் அதே முறையில் அவனால் நினைக்கப்பட்டு உபதேசிக்கப்படுவது. அதில் சொன்ன ஆராதனத்தை ஏற்பவனும் அவனே. பின்னர் ஸ்வாமி தேசிகன் ஸேச்வரமீமாம்ஸையை அருளிச்செய்து, ஜைமினியின் ஸூத்ரங்களையே ஈச்வரனோடு பொருந்தப் படிக்கலாம் என்று காட்டியது இவ்வழியின் தொடர்ச்சி.

இவ்விசாரத்தில் எனக்கு மிக்க வியப்பளிப்பது வேறொன்று. ‘கார்யம்’ தனக்காகவே உள்ளது என்றால், அது சேஷியாக நிற்கிறது என்று ப்ராபாகரர் சொல்ல வேண்டியிருக்கிறது. அப்படியானால் சேஷி என்பதன் லக்ஷணம் என்ன என்ற கேள்வி எழுகிறது. அதற்கு விடையாகத்தான், பிறருக்கு மேன்மையை உண்டாக்குவதற்கென்றே கொள்ளப்படுவது சேஷம், அப்பிறர் சேஷி என்னும் லக்ஷணத்தை எம்பெருமானார் அங்கே அருளிச்செய்கிறார். நம் ஸம்ப்ரதாயத்தின் உயிர்நிலையான சேஷசேஷிபாவம், ஒரு வினைவிகுதியின் பொருளைப் பற்றிய வாதத்தின் நடுவே லக்ஷணம் பெற்றது. சேஷம் என்ற சொல்லும் மீமாம்ஸகர்களுடையதே. மூன்றாம் அத்யாயத்தின் தொடக்கத்தில் ஜைமினி, பிறிதொன்றன் பொருட்டு இருப்பது சேஷம் என்று வரையறுக்கிறார். த்ரவ்யம், குணம், ஸம்ஸ்காரம் ஆகியவையே சேஷங்கள் என்பது பாதரியின் பக்ஷம். ஜைமினி அதனை விரித்து, கர்மம் பலனுக்குச் சேஷம், பலன் புருஷனுக்குச் சேஷம் என்று சொல்லி, இறுதியில் புருஷனும் கர்மத்துக்குச் சேஷம் என்கிறார். புருஷன் கர்மத்தின் பொருட்டு இருக்கிறான்! விதிக்காக மனிதன் என்ற இடத்துக்குச் சாஸ்த்ரம் அங்கே வந்து நின்றது. பாஷ்யகாரர் அதே சொல்லை எடுத்து, சேதனன் பரமபுருஷனுக்கே சேஷன் என்று திருப்பினார். நாம் நாள்தோறும் ‘அடியேன்’ என்று சொல்லும்போது, நெல்லுக்கும் உலக்கைக்கும் ஏற்பட்ட ஒரு கலைச்சொல்லின் பொருளையே சொல்லிக்கொள்கிறோம். இதை அறிந்தால் சிலர் திடுக்கிடக் கூடும். எனக்கு இது மகிழ்ச்சியே தருகிறது.

ஸ்டால் நூலில் இவ்விசாரத்துக்கு உரிய இடம் தரப்படவில்லை என்பதே அதன் பெருங்குறை. மீமாம்ஸையை விதிகளின் விஞ்ஞானமாகப் போற்றியவர், அந்த விஞ்ஞானத்தின் மீது வேதாந்திகள் எழுப்பிய கேள்வியை மெய்யியலாரின் பிற்கால விளக்கம் என்ற வகையில் அடக்கிவிட்டார். பிற்காலத்தது என்பதால் புறம்பானது ஆகாது. ஊஹமும் பிரதிநிதியும் யாகத்துக்குள்ளிருந்தே அக்கேள்வியை எழுப்புகின்றன என்று மேலே கண்டோம்.

சட்டத்துறையார் மீமாம்ஸையை எடுத்துக்கொண்ட வகை இதினும் நன்று. கிசோரிலால் ஸர்க்கார் 1905-ஆம் ஆண்டுத் தாகூர் சட்டச் சொற்பொழிவுகளில் மீமாம்ஸா ந்யாயங்களை ஹிந்து தர்மசாஸ்த்ர வழக்குகளுக்குப் பொருத்திக் காட்டினார். அது 1909-ல் நூலாயிற்று. நம் காலத்தில் நீதிபதி மார்க்கண்டேய கட்ஜு உச்சநீதிமன்றத் தீர்ப்புகளிலேயே அவற்றை எடுத்தாண்டார். ஆயினும் அத்துறைக்கும் ஓர் எல்லை உண்டு. காஞ்சிபுரத்துப் பெருமாள் ஸந்நிதியில் எந்தத் தனியனைச் சொல்வது, யாருக்கு அத்யாபக உரிமை என்ற வழக்குகள் தலைமுறை தலைமுறையாக நீதிமன்றங்களில் நடந்ததை நாம் அறிவோம். நீதிமன்றம் கேட்கக்கூடியது வழக்கம் என்ன, ஆவணம் என்ன என்பதே. அந்தத் தனியன் யாரை நினைத்துச் சொல்லப்படுவது என்று கேட்க அதற்கு வழியில்லை. கேட்க வேண்டிய நாமும் கேட்காமல், விதியை மட்டும் பிடித்துக்கொண்டு வழக்காடும்போது, ஸ்டால் அவர்களின் கொள்கைக்கு நாமே ஓர் உதாரணமாகிவிடுகிறோம்.

மூன்று சாஸ்த்ரங்களும் ஒரே சொல்லில் கூடும் இடம் ஒன்றைக் காட்டிவிட்டு நிறுத்துகிறேன். சரமச்லோகத்தின் முதல் பாதியில் தர்மங்களை விடுவதைச் சொல்லும் வினையெச்சம் இருக்கிறது. ஒரே கர்த்தாவின் இரு செயல்களில் முற்பட்டதற்கு அந்த விகுதி என்பது பாணினி (3.4.21), உபஸர்க்கத்தோடு கூடியபோது அது ல்யப் ஆகும் என்பதும் அவரே (7.1.37). வ்யாகரணம் இவ்வளவோடு ஒதுங்கிக்கொள்கிறது. விடுவது முன், பற்றுவது பின். ஆனால் விடுவது விதிக்கப்பட்டதா? தமிழில் ‘குளித்துவிட்டுச் சாப்பிடு’ என்றால் குளிப்பதும் ஏவப்பட்டதே. ‘இத்தனை தூரம் நடந்து வந்து சாப்பிடாமல் போகாதே’ என்றால் நடந்து வந்தது ஏவப்பட்டதன்று. முன்னமே நிகழ்ந்ததை எடுத்துச் சொன்னது. விகுதி ஒன்றே, முன்னது விதி, பின்னது அனுவாதம்.

பிள்ளை லோகாசார்யர் முமுக்ஷுப்படியில் நீராடி உண்பதையே த்ருஷ்டாந்தமாகக் கொண்டு, உபாயாந்தரங்களை விட்டே பற்ற வேண்டும் என்று த்யாகத்தை அங்கமாக நிர்வஹிக்கிறார். ஸ்வாமி தேசிகன் ரஹஸ்யத்ரயஸாரத்தில், வேறு உபாயங்களுக்குச் சக்தியற்று நிற்கும் அதிகாரியின் நிலையை எடுத்துச் சொல்லும் அனுவாதமாக அதனை நிர்வஹித்து, விதியாகக் கொண்டாலும் பொருந்தும் வகைகளையும் காட்டுகிறார். இரு கலையாரும் இதன் மேல் எழுதிய ஏடுகள் மலையளவு. இலக்கண நுணுக்கத்தை வைத்து வீண் சண்டை என்று இதனை நகைப்பவர் உண்டு. அவர்கள் என்ன பணயம் வைக்கப்பட்டிருக்கிறது என்பதை அறியாதவர்கள். த்யாகம் விதியானால், கைவசம் உபாயம் உள்ளவனும் அதனை விட்டு வரவேண்டியவனாகிறான். அனுவாதமானால், கைவசம் ஒன்றும் இல்லாமல் நிற்பவனே அங்கே விளிக்கப்படுகிறான். கண்ணன் யாரைப் பார்த்துப் பேசினான் என்பது அந்த ஒரு விகுதியில் இருக்கிறது. தர்மத்தை விடுவது என்பதற்கு நித்யகர்மங்களைக் கைவிடுவது என்று பொருளில்லை, அவை ஆஜ்ஞா கைங்கர்யமாக நடக்கவே வேண்டும் என்பதில் இருவருக்கும் விவாதம் இல்லை.

அச்லோகத்தின் இறுதியில் வருத்தத்தை விலக்கும் சொல் ஒன்று உண்டு. வடிவத்தால் அது நிஷேதம். மீமாம்ஸகனுடைய அளவுகோலை வைத்தால் இங்கே ஓர் இடர் வரும்: முயற்சியால் செய்யவோ தவிர்க்கவோ கூடியதைத்தான் விதிக்கவும் விலக்கவும் முடியும், சோகமோ முயன்று நிறுத்தக்கூடியதன்று. ஹார்ட் கூறும் வகையில் மீறியவனைக் குறை கூறவும் முடியாது. அழுகிறவனை யார் தண்டிப்பார்? பிள்ளை லோகாசார்யர் இவ்விடத்தில் சோகத்துக்குக் காரணம் எங்கே போயிற்று என்று பார்க்கிறார். உன் காரியத்துக்குப் பொறுப்பு உன்னதன்று, என்னது என்று தேரை ஓட்டுகிறவன் சொன்ன பின்பு, வருந்துவதற்கு நிமித்தமில்லை. அவன் அதைச் சொன்னபோது கையில் குதிரைகளின் கடிவாளம் இருந்தது. கேட்டவன் இரு சேனைகளின் நடுவே அத்தேரிலேயே நின்றுகொண்டிருந்தான்.